பல்லைப் பிடித்துப் பார்க்கும் வேலை

தானமாய் வந்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள்.
பரேல் ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில்
எனக்கு அதுதான் உத்தியோகம்.

மேஜைமேல் நாற்பத்தேழு கேள்விகள்.
கடைசியாய் ஆன்டிபயாடிக் சாப்பிட்டது எப்போது?
பச்சை குத்தியது எந்தக் கடையில்?
அப்பாவுக்குச் சர்க்கரை உண்டா?
காலையில் எத்தனை மணிக்கு?
மிதக்குமா, மூழ்குமா?

கட்டியவளிடமும் சொல்லாததை
இந்தியில், மராத்தியில், சில சமயம் தமிழில்
சுவரைப் பார்த்துச் சொல்வார்கள்.
நான் டிக் அடிப்பேன்.

மாரத்தான் ஓடுபவர் ஒருவர் வந்தார்,
கைபேசி நிறைய மெடல்கள்.
போன மாதம் தொண்டைக் கரகரப்புக்கு
மருந்துக்கடைக்காரர் ஆறு மாத்திரை கொடுத்தாராம்.
மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றேன்.
ஓடுகிற வேகத்திலேயே கோபித்துக்கொண்டார்.

காட்கோபர்க்காரர் வெங்காயம்கூடத் தொடாதவர்.
சுத்தமான உடம்பு, சுத்தமான உடம்பு என்றார் இரண்டு தரம்.
இருபது வருடமாய் நெஞ்செரிச்சல் மாத்திரை.
சுத்தம் என்றொரு கட்டம்
என் படிவத்தில் இல்லை.

லேபர் கேம்ப் பேச்சிராசு வந்த அன்று
'தொழில்' என்ற இடத்தில் பேனா நின்றது.
முப்பது வருடம் இந்த ஊரின் சாக்கடைக்குள்
கழுத்துவரை இறங்கியவர்.
தொற்று அபாயம். தர முடியாது.
"ஊரெல்லாத்துதையும் நான் அள்ளலாம்,
என்னுது மட்டும் ஆகாது, அப்படித்தானே?"
விதி சரியான விதிதான். விளக்கிச் சொன்னேன்.
தலையாட்டிவிட்டு
நாற்காலியைப் பழைய இடத்திலேயே தள்ளி வைத்துவிட்டுப் போனார்.

இத்தனையும் தேவகிருபைக்காக.
இருபத்தொன்பது வயது, தாராவி.
பெருங்குடலில் புண். நாளுக்குப் பதினெட்டு முறை, ரத்தத்தோடு.
தாதரில் எந்த பிளாட்பாரத்தில் கழிப்பறை,
எத்தனை தப்படி, எது பூட்டியிருக்கும்,
எல்லாம் மனப்பாடம்.
சந்தின் பொதுக்கழிப்பறை வரிசையில்
அவளைக் கண்டதும் எல்லோரும் விலகி வழிவிடுவார்களாம்.
வயிற்று வலியைவிட அதுதான் வலி என்றாள்.

அவள் தம்பி ஈசாக்கு
விடிகாலையில் குளித்து, ஞாயிற்றுச் சட்டை போட்டு வந்தான்.
"ஒரே ரத்தம்தானே மேடம்."
ரத்தம் ஒன்றுதான் தம்பி, வயிறு வேறு.
அவனுக்குள் எந்த மருந்துக்கும் பணியாத கிருமி ஒன்று
ஒரு கெடுதலும் செய்யாமல்
சாதுவாய்க் குடியிருந்தது.
அவளுக்குள் போனால் சாதுவாய் இருக்காது.
அறிக்கையை மடித்து மடித்து
தீப்பெட்டி அளவுக்கு ஆக்கினான்.
"பாசமா இருந்தாலும் பாசிட்டிவ்னு வருமா?"
அதற்கு என்னிடம் கட்டம் இல்லை.

அறுபத்திரண்டு பேரில் தேறியது இரண்டு.
பெயர் சொல்லக் கூடாது. டி-31 என்று வைத்துக்கொள்ளுங்கள்.
வடாலா ஹாஸ்டலில் சட்டம் படிக்கிறவன்.
ஹாஸ்டல் பருப்பு, தெருமுனை உசல், கிடைத்தால் மீன்.
நாற்பத்தேழு கேள்விக்கும் நடுநடுவே கொட்டாவி.
ஏன் தர விரும்புகிறீர்கள் என்ற இடத்தில்
'பஸ் காசு கொடுப்பீர்களா' என்று எழுதியிருந்தான்.
கருணை, தியாகம், ஒரு மண்ணும் இல்லை.
மலம் மட்டும் பொன்.

ஐஸ் பெட்டியை மடியில் வைத்து
பெஸ்ட் பஸ்ஸில் கொண்டுவருவான்.
என்ன டிபன் என்று கண்டக்டர் கேட்டாராம்.

ஆறு வாரம்.
பதினெட்டு, ஏழாகி, மூன்றாகி,
ஒரு நாள் திரும்ப எட்டாகி எங்களைப் பயமுறுத்தி,
இப்போது இரண்டு.
குணம் என்று எழுத டாக்டர் சம்மதிக்கவில்லை.
'தணிந்திருக்கிறது' என்றுதான் எழுதினேன்.

"கொடுத்தவர் எப்படிப்பட்டவர்? நல்லவரா?
எனக்கு இப்பல்லாம் ஒன்பது மணிக்கே கொட்டாவி வருது மேடம்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு
அடுத்த தேதியைப் பார்த்தேன்.
அது தூக்கம், வேறொன்றுமில்லை என்றேன்.

எழுந்து கதவுவரை போனவள் திரும்பி வந்தாள்,
எதையோ மறந்துவிட்டவள் போல.

நேற்று காலை வரிசையில் நின்றாளாம்.
முன்னால் பதினோரு பேர், வாளியும் கையுமாய்.
ஒருவரும் வழிவிடவில்லை.
பின்னால் நின்றவள் முந்தப் பார்த்தாளாம்,
இவள் சண்டை போட்டாளாம்.